தண்ணீரில் தோசை வார்த்தோம்

போன வாரம் அடையாறில், நான் நீச்சல் சொல்லிக் கொடுக்கும் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில், ஓர் அப்பா என்னிடம் கேட்டார்: "மேடம், விளையாட்டெல்லாம் எப்ப முடியும்? நீச்சல் எப்ப ஆரம்பிக்கும்?" அவர் மகளும் இன்னும் சில பிள்ளைகளும் இடுப்பளவுத் தண்ணீரில் கன்னத்தை உப்பிக்கொண்டு அடியில் உட்காருவதும் எழுவதுமாக இருந்தார்கள். "இதுதான் சார் நீச்சல்" என்றேன். அவர் நம்பவில்லை. மொபைலைப் பார்க்கப் போய்விட்டார்.

நம்பாதவர்களுக்காக நான் எழுதவில்லை. என் வயசுக்காரர்களே, உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். இருபதைத் தாண்டியதுமே குளத்துப் பிள்ளைகள் நம்மை ஆன்ட்டி, அங்கிள் என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே பழசைப் பேசும் உரிமை நமக்கும் வந்தாச்சு. உங்களில் பாதிப் பேர், நீச்சல் தெரியாது என்பதை ஏதோ கத்திரிக்காய் பிடிக்காது என்பது மாதிரி சாதாரணமாகச் சொல்கிறீர்கள். மீதிப் பேர், "எங்க மாமா கிணத்துல தள்ளிவிட்டாரு, தானா வந்துச்சு" என்று மார்தட்டுகிறீர்கள். நான் இரண்டு கட்சியும் இல்லை. நான் நீச்சலை விளையாடிக் கற்றுக்கொண்டவள். பெரியவர்கள் தலையில் அடித்துக்கொள்ள அடித்துக்கொள்ள, ஒரே கோடையில் கற்றுக்கொண்டவள். அதற்காக அன்றைக்கும் வெட்கப்படவில்லை, இன்றைக்கும் வெட்கப்படப் போவதில்லை.

வெள்ளம் வந்துவிட்டுப் போனதற்கு அடுத்த கோடை அது. எனக்குப் பத்து வயசு. கோட்டூர்புரத்தில் ஆற்றுக்குப் பக்கத்தில் எங்கள் வீடு, அதிலும் தரைத்தளம். மாடிப்படியில் ஒண்டிக்கொண்டிருந்த எங்களைக் குப்பத்து மீனவர்கள் படகு கொண்டுவந்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்த பிடியில் விரல் விரலாக நீலம் பாய்ந்திருந்தது. அந்தத் தண்ணீரின் வாசனை உங்களுக்கும் தெரியும். சாக்கடை, டீசல், ஊறிப்போன பஞ்சு மெத்தை, எல்லாம் கலந்த வாசனை. அப்பாவுக்குப் புனேயில் வேலை. வீடு காய்ந்து ஆள் இருக்கும் பதத்துக்கு வரும்வரை மயிலாப்பூரில் பெரியப்பா வீட்டில் தங்கினோம். தங்கினோம் என்றால், அவர் சொல்படி இருந்தோம்.

பெரியப்பாவுக்கு என் ஜாதகம் மனப்பாடம். எனக்கு நீரில் கண்டம். பன்னிரண்டு வயசு முடியும்வரை குளம், கடல், கிணறு எதன் பக்கமும் தலை வைத்துப் படுக்கக் கூடாது. மெரினாவுக்குப் போனால் மற்றப் பிள்ளைகள் அலையில் குதிக்கும். நான் சுண்டல் பொட்டலத்தோடு மணலில் உட்கார்ந்திருப்பேன். தெப்பக்குளத்தில்கூட மேல் படியோடு நிறுத்தம். வெள்ளத்திலிருந்து நாங்கள் தப்பி வந்ததும் பெரியப்பா சொன்ன முதல் வார்த்தை: "பாத்தியா, நான் சொல்லலை? கண்டம் வாசல் வரைக்கும் வந்துட்டுப் போயிருக்கு. இன்னும் ரெண்டு வருஷம் ஜாக்கிரதையா இருக்கணும்."

அந்தப் படகில் உட்கார்ந்து அம்மா வேறு மாதிரி யோசித்திருக்கிறாள். தண்ணீரிடமிருந்து மகளை இத்தனை வருஷம் ஒளித்து வைத்தாயிற்று. அது வீடு தேடி வந்தபோது மகளுக்கு ஒரு கை அடிக்கத் தெரியவில்லை. தனக்கும் தெரியவில்லை. ஏப்ரலில் ஒரு நாள் எனக்குத் தலை வாரிக்கொண்டே காதோடு சொன்னாள்: "ஜாதகத்துல கண்டம் இருக்கட்டும். கைகால்ல நீச்சலும் இருக்கட்டும்."

பெரியப்பாவிடம் பாட்டு கிளாஸ் என்று சொன்னாள். சாந்தோம் பக்கம் ஒரு பழைய நீச்சல் குளத்தில் கோடை முகாமில் சேர்த்தாள். எந்தக் குளம் என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். பிடிபட்டால் அன்றோடு தண்ணீர் கிடையாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். பன்னிரண்டு முடிந்த பிறகும் கிடையாது. அப்போது வேறு காரணம் வரும். பெண் பிள்ளையைத் தண்ணீரிலிருந்து தள்ளி வைக்கக் காரணத்துக்கா பஞ்சம்?

குளம் ஒன்றுதான். நடுவில் ஒரு கயிறு. கயிற்றுக்கு இந்தப் பக்கம் இடுப்பளவு, அந்தப் பக்கம் ஆழம். கோச்சுக்குக் கழுத்தில் விசில், கையில் ஆளைவிட நீளமான மூங்கில் கழி. "தண்ணி இன்னா புலியா? கடிச்சிருமா?" என்பது அவருடைய காலை வணக்கம். இரண்டு நாள் கம்பியைப் பிடித்துக்கொண்டு கால் அடிக்க வேண்டும். மூன்றாம் நாள் ஆழத்தில் தள்ளிவிடுவார். முங்கினால் கழியை நீட்டுவார். கெட்ட மனுஷர் இல்லை. அவரையும் யாரோ அப்படித்தான் தள்ளிவிட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி உண்டு. ஜோடியை விட்டு நகரக் கூடாது என்பது குளத்துச் சட்டம். என் ஜோடி அடையாற்றங்கரை வரிசை வீடுகளிலிருந்து வந்தவள், என் வயசு. அவள் அம்மா அந்தக் குளத்தில் உடை மாற்றும் அறைகளைக் கழுவிவிடும் வேலை பார்த்தார். கோச் அவளைப் பார்த்ததுமே, "ஆத்தோரத்துப் பொண்ணு, உனுக்கு இன்னாத்துக்கு இந்தப் பக்கம்?" என்று முதல் நாளே ஆழத்தில் தள்ளிவிட்டார். அவள் நேராக அடிக்குப் போனாள். கழியைப் பிடிக்கவும் தெரியவில்லை. கோச்சே குதித்துத் தூக்கிவந்தார். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் வழிய, இருமலுக்கு நடுவில் அவள் கேட்டதை நான் சாகும்வரை மறக்க மாட்டேன்.

"ஆத்தாண்ட இருந்தா நீச்சல் தெரியுமா? இங்க பக்கத்துல ஆஸ்பத்திரி கீதே, உனுக்கு ஆபரேசன் தெரியுமா?"

கோச் விசிலை வாயில் வைத்துக்கொண்டார். அவளை இந்தப் பக்கம் அனுப்பினார். இந்தப் பக்கத்துக்கு அவர் வைத்த பெயர் அழுமூஞ்சி பேட்ச். அதில் தி.நகரிலிருந்து வந்த இரட்டையர்கள், ஒருத்தன் அழுதால் மற்றவனும் அழுவான். காற்றடைத்த பட்டைகளை இரண்டு கையிலும் மாட்டியிருந்த குட்டிப் பையன் ஒருத்தன். படிக்கட்டில் முழங்கால் நனைய நின்று அதற்கு மேல் இறங்காத நான். இப்போது முகத்தில் தண்ணீர் பட்டாலே பல்லைக் கடிக்கிற என் ஜோடி. எங்களைக் கவனிக்க ஆள் கிடையாது. கம்பியைப் பிடித்துக் காலை அடித்துக்கொண்டிருக்க வேண்டியது, அவ்வளவுதான்.

குளத்து மதிலுக்குப் பின்னால் ஒரு ஹோட்டல். காலை ஏழரைக்கெல்லாம் அவர்கள் பூரி போட ஆரம்பிப்பார்கள். குளோரின் நெடியைத் தள்ளிக்கொண்டு எண்ணெய் வாசனை வரும். நாங்கள் எல்லோரும் வெறும் வயிற்றோடு வந்தவர்கள். சாப்பிட்டுவிட்டுத் தண்ணீரில் இறங்கக் கூடாது என்று எல்லா வீட்டிலும் ஒரே பாட்டு.

"இன்னா வாசனைடி" என்றாள் ஜோடி, படிக்கட்டில் உட்கார்ந்தபடி. "பூரிய எண்ணெயில போட்டா மொதல்ல இன்னா ஆவும்?"

"முங்கும்."

"அப்பால?"

"உப்பிண்டு மேல வரும்."

"பூரிக்கே தெரியுது. நம்ம ரெண்டு பேருக்கு இன்னாடி கேடு?"

கன்னத்தை உப்பினாள். கண்ணை இறுக்க மூடினாள். படியிலிருந்து நழுவி, தலைக்கு மேல் தண்ணீர் மூடும்படி அடியில் உட்கார்ந்தாள். நான் அலறுவதற்குள் பொட்டென்று மேலே வந்தாள். உப்பிய கன்னம் அப்படியே இருந்தது. இரட்டையர்கள் சிரித்தார்கள். அந்தக் குளத்தில் அவர்கள் சிரித்தது அதுதான் முதல் தடவை. அடுத்த பூரி நான்தான். எப்படிப் போனேன் என்று கேட்டால் தெரியாது. பத்து வருஷமாகப் பயப்படச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். பூரியாகப் பயப்பட வேண்டும் என்று யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

அப்புறம் ஹோட்டல் பெரிசாகிவிட்டது. முறை வைத்து ஒருத்தர் சரக்கு மாஸ்டர், மற்றவர்கள் பதார்த்தம். மாஸ்டர் "இட்லி!" என்று கத்தினால் முழங்காலைக் கட்டிக்கொண்டு, முகத்தைத் தண்ணீருக்குள் விட்டு, உருண்டையாக மிதக்க வேண்டும். "தோசை!" என்றால் கை காலை விரித்துக் குப்புறப் பரவ வேண்டும். "திருப்பு!" என்றால் அப்படியே புரண்டு மல்லாக்க மிதக்க வேண்டும். கிழிந்தால், அதாவது காலை ஊன்றினால், அவன் அவுட். "ரோஸ்ட்!" என்றால் சுவரை உதைத்து, விறைப்பாக, எவ்வளவு தூரம் போகிறோமோ அவ்வளவு தூரம். "காபி!" என்றால் வாயைத் தண்ணீரில் வைத்து நுரை கிளப்ப வேண்டும். நுரை குறைந்தால் மாஸ்டர் முகத்தைச் சுளித்து, "இன்னாப்பா இது, கழனித் தண்ணியா?" என்பார். "பார்சல்!" என்றால் ஜோடியின் கக்கத்தில் கை கொடுத்து மல்லாக்க இழுத்துப் போக வேண்டும். பார்சல் சிரித்தால் வாயில் தண்ணீர் போகும். ஆகவே பார்சலைச் சிரிக்க வைப்பது மற்றவர்களின் கடமை.

குட்டிப் பையனின் கைப்பட்டை எப்போது கழன்றது என்று யாரும் கவனிக்கவில்லை. பட்டை போட்ட தோசை சரியாகத் திரும்பாது என்று அவனே கழற்றிப் போட்டிருக்கிறான்.

காபிக்குப் பொருத்தமாக இருக்கட்டும் என்று நான் பெரியப்பா வீட்டிலிருந்து ஒரு டவரா கொண்டுபோனேன். அது கை நழுவி அடிக்குப் போனது. அதை எடுக்கத்தான் முதன்முதலாகத் தண்ணீருக்குள் கண் திறந்தேன். எரிந்தது. ஆனால் என்ன வெளிச்சம்! பெயர்ந்துபோன நீல ஓடுகள், அடித்தரையில் வலை வலையாக வெயில் நெளிகிறது, என் காதுக்குள் என் சத்தம் எனக்கே கேட்கிறது. டவராவைத் தூக்கி எறிந்து முங்கி எடுப்பது அன்றிலிருந்து தனி விளையாட்டு. கடைசியில் அது எங்கே போனது என்று தெரியவில்லை. பெரியப்பா வீட்டில் அதைத் தேடித் தேடி வேலைக்கார அம்மாவின் மேல் சந்தேகம் போனபோது, நான்தான் உடைத்துவிட்டேன் என்றேன். "எவர்சில்வரை எப்படிடி உடைச்சே?" என்றார் பெரியப்பா.

தலை ஈரத்துக்கு வேர்வை என்றேன். கண் சிவப்புக்கு ராகம் இழுத்தது என்றேன். "இன்னிக்கு என்ன சொல்லிக் கொடுத்தா?" என்று கேட்டால், "மூச்சுப் பிடிக்க" என்பேன். அதில் பொய்யே கிடையாது.

இந்தச் சமயத்தில் கேலரியில் உட்கார்ந்திருந்த பெற்றோர்கள் விழித்துக்கொண்டார்கள். கயிற்றுக்கு அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் கையை வீசி வீசி அடிக்கிறார்கள். இந்தப் பக்கம் ஒரே சிரிப்பு, கூச்சல். "சார், அந்தக் குழந்தைகள்ளாம் ஃப்ரீஸ்டைல் அடிக்கறதுகள். எங்களோடது இன்னும் தோசை வார்த்துண்டிருக்கு!" என்று ஒரு மாமா கோச்சிடம் சண்டைக்குப் போனார். அவர்கள் பார்த்ததும் பார்க்காததும் இப்போதுதான் எனக்கு முழுசாகப் புரிகிறது. நான் பிறகு எடுத்த பயிற்சியில் எங்கள் மெனுவுக்கெல்லாம் கனமான ஆங்கிலப் பெயர்கள் இருந்தன. அதுதான் அடிப்படை, அதிலிருந்துதான் எல்லாம் என்றார்கள். அந்தப் பக்கம் கை வீசிய பிள்ளைகள் கழுத்தை விறைத்துக்கொண்டு, மூச்சு முட்ட, சுவரைத் தொட்டால் போதும் என்று அடித்தார்கள். களைத்தால் தண்ணீரிலேயே படுத்து ஓய்வெடுக்கலாம் என்று அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. ஆனால் அவர்கள் முகம் சீரியஸாக இருந்தது. நம் ஊரில் பெரியவர்களுக்கு அது போதும். பிள்ளை சிரித்தால் கற்கவில்லை, அழுதால் கற்கிறது.

கோச் விசில் ஊதினார். "ஹோட்டல் மூடியாச்சு! கம்பியப் புடி, கால அடி! எவனாச்சும் இட்லி தோசைன்னு வாயத் தொறந்தா, வூட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்!"

வாயைத்தானே மூடினார். ஒரு விரல் இட்லி, இரண்டு விரல் தோசை, உள்ளங்கையைப் புரட்டினால் திருப்பு. அவர் முதுகு திரும்பினால் போதும், சத்தமில்லாமல் ஹோட்டல் திறந்துவிடும். பூட்டிய ஹோட்டலில் சாப்பிட்ட ருசியே தனி.

அந்த மாமாதான் எனக்கு எமன். கோயில் பிரகாரத்தில் பெரியப்பாவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்: "உங்காத்துக் குழந்தை ஜலத்துல என்னமா கூத்தடிக்கறா! கோச் சொன்னாக்கூட கேக்க மாட்டேங்கறாளே!"

அதற்குப் பிறகு நடந்ததில் பின்பாதியை முன்னால் சொல்லிவிடுகிறேன். பெரியப்பா குளத்துக்கே வந்த அன்று மாலையே அழுமூஞ்சி பேட்ச் முழுவதையும் முகாமிலிருந்து நீக்கினார்கள். கயிற்றைத் தாண்டியது குற்றம். இன்றைக்கு என் குளத்திலும் கயிறு இருக்கிறது, ஒரு பிள்ளை தாண்டினால் அடுத்த நொடி நான் தண்ணீரில் இருப்பேன். அது வேறு. அந்த வாரமே நானும் அம்மாவும் சுவர் காயாத எங்கள் வீட்டுக்குத் திரும்பிவிட்டோம். அடுத்த மழைக்குள் என் ஜோடியின் வரிசை வீடுகளை இடித்து, எல்லோரையும் ஊருக்கு வெளியே வெகுதூரம் கொண்டுபோய் வைத்தார்கள். ஆற்றிலிருந்து காப்பாற்றுகிறோம் என்றுதான் சொன்னார்கள். பெரியப்பா பேச்சேதான். தண்ணீர் ஆபத்தென்றால் ஆளை நகர்த்து, நீச்சலை மட்டும் சொல்லிக் கொடுத்துவிடாதே.

இப்போது அந்தக் காலை.

நான் சரக்கு மாஸ்டராக இரண்டு விரலைத் தூக்கியபடி நின்றிருந்தேன். நிமிர்ந்தால் படிக்கட்டில் பெரியப்பா. வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார், கக்கத்தில் குடை. அவருக்குப் பின்னால் வேகமாக நடந்து வந்த மூச்சிரைப்போடு அம்மா.

"ஏறி வாடி."

நான் நகரவில்லை.

"உன்னைத்தான். ஏறு. ஆத்துக்குப் போய்ப் பேசிக்கலாம்."

வீட்டுக்குப் போனால் பேச்சே கிடையாது, எல்லாம் முடிந்துவிடும் என்று எனக்குத் தெரியும். பெரியப்பா செருப்போடு முதல் படியில் இறங்கினார், குனிந்து கையை எட்டினார். விரல் என் தோளில் பட்டது. நான் பூரி மாதிரி முங்கினேன். மூச்சைப் பிடித்துக்கொண்டு சுவரை உதைத்து ரோஸ்ட் போனேன். தலைக்கு மேல் கயிறு போவது தெரிந்தது. நின்றுகொள்ளலாம் என்று காலை ஊன்றினேன். கீழே எதுவும் இல்லை.

அந்த ஒரு கணம் பெரியப்பா சொன்னது எல்லாம் உண்மையாகிவிட்டது. வாய் நிறையத் தண்ணீர். கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலை வெளியே வந்தபோது கேலரியே எழுந்து கத்துவது கேட்டது. கோச் கழியை நீட்டிக்கொண்டு ஓடிவந்தார். "புடிம்மா! கழியப் புடி!" எல்லாச் சத்தத்துக்கும் மேலே என் ஜோடியின் குரல்.

"தோசை! அடியே, தோசைடி!"

பரவினேன். கை காலை விரித்து, முகத்தை உள்ளே விட்டேன். தண்ணீர் என்னைக் கீழிருந்து தாங்கியது. இடுப்பளவில் எப்படித் தாங்கியதோ அதே மாதிரி, ஒரு துளி வித்தியாசமில்லாமல். ஆழம் என்பது கீழே இருக்கிற விஷயம், எனக்கு அதோடு வேலையில்லை.

"திருப்பு!"

புரண்டேன். வானம். காது தண்ணீருக்குள் போனதும் அத்தனை கூச்சலும் தூரத்து ரேடியோ மாதிரி ஆகிவிட்டது. கழியின் நுனி என் கைக்கு ஒரு முழத்தில் வந்து நின்றது. நான் அதைப் பிடிக்கவில்லை. கழியைப் போட்டுவிட்டு, குதிப்பதற்காகச் சட்டையைக் கழற்றப்போன கோச், என்னைப் பார்த்துக்கொண்டே பாதியில் நின்றார்.

பக்கத்தில் தண்ணீர் அசைந்தது. இரட்டையர்கள். அப்புறம் குட்டிப் பையன், பட்டை இல்லாமல். கடைசியாக, அந்தப் பக்கத்துக்கு இனிமேல் வரவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருந்த என் ஜோடி. பல்லைக் கடித்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் மல்லாந்தாள். "செத்தா உன்ன உடமாட்டேன்" என்றாள், வானத்தைப் பார்த்து.

மெல்லத் தலையைத் தூக்கினேன். குளத்தைச் சுற்றி வரிசையாகப் பெரியவர்கள். காய்ந்த சட்டை, காய்ந்த புடவை, கையில் துண்டு. "ஏறுங்கடா!", "யாராவது இறங்கிப் பிடிங்கோளேன்!", "மூச்சு வாங்கப் போறது பாருங்கோ!" அத்தனை பேரும் கத்தினார்கள். ஒருவர்கூட இறங்கவில்லை. ஏன் இறங்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. அந்த வரிசையில் கோச்சைத் தவிர ஒருத்தருக்கும் நீச்சல் தெரியாது.

பெரியப்பாவின் குரல் உடைந்திருந்தது. "ஏறி வாடி கண்ணா. பெரியப்பா சொன்னா கேக்க மாட்டியா?"

அது கோபம் இல்லை, பயம். எனக்கும் தெரிந்தது. தெரிந்துதான் சொன்னேன்.

"நீங்க இறங்கி வாங்கோ பெரியப்பா."

அவர் அம்மா பக்கம் திரும்பினார். "நீ சொல்லு. ஏறச் சொல்லு அவளை."

அவர் வீட்டில் இருந்த மாதங்களில் அம்மா அவர் பேச்சுக்கு மறுபேச்சுப் பேசி நான் கேட்டதில்லை. சமையல்கட்டிலிருந்து தலையை மட்டும் ஆட்டுவாள். இப்போது அவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அவ மிதந்துண்டிருக்கா அண்ணா."

"எனக்குக் கண் தெரியறது! ஏறச் சொல்லு!"

"நேக்கு மிதக்கத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிஞ்சவளை எதுக்கு ஏறச் சொல்லணும்?"

பெரியப்பா அவளையே பார்த்தார். நனைந்த செருப்பு சளக் சளக்கென்று சத்தம் போட, வாசல் பக்கம் நடந்தார்.

அம்மா புடவையைக் கொஞ்சம் தூக்கிச் செருகிக்கொண்டாள். வெயிலில் காய்ந்து கொதித்த சிமெண்ட் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். துண்டை மடியில் வைத்து மடித்தாள்.

"நீ மெதுவா வா" என்றாள்.

விரல் நுனியெல்லாம் வெளுத்துச் சுருங்கும்வரை நான் ஏறவில்லை.